கோல் போட்டவருக்கு ஏன் ஓட்டு விழவில்லை?



கிரிவலப் பாதையைப் பற்றியும் பழைய புதுச்சேரியைப் பற்றியும் எழுதி வந்தவன் இந்த முறை கால்பந்துக்குத் தாவியிருக்கிறேன். காரணம் பாதிக்கு மேல் வரும். அதற்கு முன் சிக்கிம்காரர் ஒருவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரை நம்மில் பலர் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்திருப்போம். 2014-க்குப் பிறகு அரசியல் பக்கத்திலும் பார்த்திருப்போம்.

பாய்ச்சுங் பூட்டியா 1976 டிசம்பர் 15 அன்று தெற்கு சிக்கிமில் தின்கிதம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். சிக்கிம் இந்தியாவின் ஒரு மாநிலமாகி அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பெற்றோர் விவசாயிகள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை கிடைத்து காங்டாக் பள்ளிக்குப் போனார். 1992-ல் பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். மறு வருடமே, 16 வயதில், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் அவரைக் கூட்டிக்கொண்டது. படிப்பை நிறுத்திவிட்டு மலையிலிருந்து இறங்கினார்.

பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் அணிக்குப் போனார். 1996-97-ல் முதல் தேசியக் கால்பந்து லீக் நடந்தபோது கோப்பை அந்த அணிக்கு. அதிக கோல் அடித்தவர் பூட்டியா. அடுத்து மீண்டும் ஈஸ்ட் பெங்கால். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. எதிரணி மோகன் பகான். கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர். நம் கார்த்திகை தீபத்தன்று மலையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரே கிண்ணத்தில் போட்டதுபோல் நினைத்துப் பாருங்கள். அன்று பூட்டியா மூன்று கோல் போட்டார். 4-1 என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது.

அன்று ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் பி.கே. பானர்ஜி. இந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு 1960-ம் வருடம் நினைவுக்கு வரும். ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்சும் மோதி 1-1 என்று சமமாக முடித்தன. நம் கோலை அடித்தவர் பானர்ஜி. நான் அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படிக்கும் பொடியன். நிர்வாகம் 1954-லேயே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962-ல்தான். எனவே 1960-ல் நாங்கள் இரண்டுங்கெட்டான் பிள்ளைகள். வகுப்பில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், தெருவில் பந்து. கோல்கீப்பரை 'கார்தியன்' என்றுதான் கூப்பிடுவோம். அப்பா பத்திரிகையைப் படித்து, "பிரான்சோடு டிரா பண்ணிட்டாங்கடா" என்று சொன்னபோது நாங்கள் யாருக்குக் கை தட்டுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பையன்தான் முதலில் தட்டினான். அதன் பிறகு எல்லோரும் தட்டினோம். கால்பந்து என்றால் எனக்கு இன்றும் காது நீள்வதற்கு அந்த நாள்தான் காரணம்.

பூட்டியாவுக்கு வருவோம். 1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. மான்செஸ்டருக்கு அருகில் உள்ள சின்ன ஊர், கீழ்நிலைப் பிரிவில் ஆடும் அணி. என்றாலும் 1936-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வெறுங்காலோடு ஆடிய கல்கத்தா முகமது சலீமுக்குப் பிறகு ஓர் இந்தியர் அந்தப் பக்கம் போனதே பெரிய விஷயம். அங்கே ஆட்டங்களும் குறைவு, காயங்களும் உண்டு, கோலும் மூன்றுதான். திரும்பி வந்து இந்திய அணிக்குத் தலைவரானார். இங்கிலாந்துக்காரர் பாப் ஹவுட்டன் பயிற்சியில் 2007-லும் 2009-லும் நேரு கோப்பை வந்தது. 2008-ல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை வந்தது. அதனால் 27 வருடங்களுக்குப் பிறகு, 2011-ல், ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடியது. காயத்தோடு போன பூட்டியா தென்கொரியாவுக்கு எதிராகக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் களத்தில் இறங்கினார். அந்த வருடமே ஓய்வை அறிவித்தார். 2012 ஜனவரியில் டில்லியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியை வரவழைத்து வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் தீபம் டில்லி வழியாகச் சென்றபோது அதை ஏந்தி ஓட இவரை அழைத்தார்கள். திபெத் மக்களுக்கு ஆதரவாக நான் ஓடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கூட்டத்தோடு போகாமல் தனக்குச் சரி என்று பட்டதைச் சொல்லும் பழக்கம் அரசியலுக்கு வருவதற்கு முன்பே அவருக்கு இருந்தது.

ஆடி முடித்தவர் சும்மா இருக்கவில்லை. சிறுவர்களுக்குக் கால்பந்துப் பள்ளிகள் தொடங்கினார். ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைத்து அதன் முதல் தலைவராக இருந்தார். சொந்த மாநிலத்தில் யுனைடெட் சிக்கிம் என்ற கிளப்பை வளர்த்தார். அதற்கு உரிமையாளர், ஆட்டக்காரர், நெருக்கடி வந்தபோது இடைக்காலப் பயிற்சியாளர் என்று எல்லா வேலையும் பார்த்தார். அந்த அணி 2012-ல் ஐ-லீக்கின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அடுத்த பருவத்திலேயே கீழே இறங்கியது. சின்ன மாநிலத்தில், மலைமேல், ஒரு அணியை வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு சிரமம் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும்.

அதன் பிறகுதான் தேர்தல்.

2014 மக்களவைத் தேர்தலில் திரிணாமூல் காங்கிரஸ் அவரை டார்ஜிலிங்கில் நிறுத்தியது. பா.ஜ.க.வின் அலுவாலியாவிடம் சுமார் 1,97,000 ஓட்டில் தோற்றார். அந்த மலையில் கூர்க்காலாந்து என்ற தனி மாநிலக் கேள்விதான் ஓட்டைத் தீர்மானிக்கும். இவர் நின்ற கட்சி அந்தக் கோரிக்கைக்கு எதிரானது. 2016-ல் சிலிகுரி சட்டமன்றத் தொகுதி. மார்க்சிஸ்ட் கட்சியின் அசோக் பட்டாச்சார்யாவிடம் சுமார் 14,000 ஓட்டில் தோல்வி. 2017-ல் மலையில் நூறு நாளுக்கு மேல் கடையடைப்பு நடந்தபோது, கட்சி ஒரு பக்கம் இருக்க, இவர் கூர்க்காலாந்துக்கு ஆதரவாகப் பேசினார். 2018 பிப்ரவரியில் கட்சியை விட்டு விலகினார். அதே வருடம் மே 31-ல் 'ஹம்ரோ சிக்கிம்' என்று சொந்தக் கட்சி தொடங்கினார். நேபாளி மொழியில் 'நமது சிக்கிம்' என்று பொருள்.

2019-ல் இரண்டு தொகுதிகளில் நின்றார். காங்டாக், துமின்-லிங்கி. இரண்டிலும் தோல்வி. அதே வருடம் அக்டோபரில் காங்டாக்கில் இடைத்தேர்தல் வந்தது. மறுபடியும் நின்று தோற்றார். இந்த மூன்றில் ஒன்றில்கூட அவருக்கு ஆயிரம் ஓட்டு விழவில்லை. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர் எழுந்து நின்று கத்திய பெயர் அது! 2023-ல் தன் கட்சியைச் சிக்கிம் ஜனநாயக முன்னணியோடு இணைத்தார். 2024-ல் பார்ஃபுங் தொகுதி. 4,346 ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி. பத்து வருடத்தில் ஆறாவது தோல்வி. அந்த ஜூன் மாதமே, தேர்தல் அரசியல் தனக்கானதல்ல என்று சொல்லி விலகிக்கொண்டார்.

நடுவில் 2022 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டார். மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள்தான் ஓட்டர்கள். 33-க்கு 1 என்று தோற்றார். வென்றவர் கல்யாண் சௌபே, முன்னாள் கோல்கீப்பர். ஆயுள் முழுக்கக் கோல்கீப்பர்களைத் தோற்கடித்தவரை ஒரு கோல்கீப்பர் ஒருமுறை வசமாகத் தடுத்துவிட்டார். ஆனால் அந்தக் கோல்கீப்பரும் 2019-ல் கிருஷ்ணாநகர் மக்களவைத் தொகுதியிலும் 2021-ல் மாணிக்தலா சட்டமன்றத் தொகுதியிலும் பொதுமக்களிடம் தோற்றவர்தான்.

அப்படியானால் பந்தாட்டக்காரருக்கு ஓட்டே விழாதா என்றால் அதுவும் இல்லை. பி.கே. பானர்ஜியின் தம்பி பிரசூன் பானர்ஜி. இவரும் இந்திய அணித் தலைவராக இருந்தவர். 2013-ல் ஹவுரா மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். பிறகு 2014, 2019, 2024 மூன்று தேர்தலிலும் வென்றார். உக்ரைனின் ஒலெக் பிளோகின் 1975-ல் பலோன் டோர், அதாவது ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது வாங்கியவர். 1998-லும் 2002-லும் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு 2006 உலகக் கோப்பையில் பயிற்சியாளராகத் தன் நாட்டைக் கால் இறுதிக்குக் கொண்டுபோனார்.

இன்னொருவர் லைபீரியாவின் ஜார்ஜ் வேயா. மொனாக்கோவிலும் பாரிசிலும் ஆடியதால் புதுச்சேரியில் எங்களைப் போன்ற பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் கூட்டத்துக்கு அவர் செல்லப்பிள்ளை. குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். 1995-ல் தங்கப் பந்து வாங்கினார். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தபோது தேசிய அணியின் செலவுக்குத் தன் பையிலிருந்து பணம் போட்டவர். அவரும் 2005-ல் ஜனாதிபதி தேர்தலில் தோற்றார். படிக்காதவர் என்று பேசினார்கள். போய்ப் படித்துவிட்டு வந்தார். 2011-ல் துணை ஜனாதிபதிக்கு நின்று தோற்றார். 2014-ல் செனட்டர் ஆனார். 2018 ஜனவரியில் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். 2023 நவம்பரில் கொஞ்சம் ஓட்டில் தோற்றபோது, எண்ணிக்கை முழுதும் முடியும் முன்பே எதிராளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். போர் பார்த்த நாட்டில் அந்த ஒரு போன் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

சரி, பூட்டியாவுக்கு ஏன் விழவில்லை? என் அனுபவத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

நான் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தவன். எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலராகவும் எண்ணிக்கை மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். விரலில் மை வைத்திருக்கிறேன், சீட்டு மடித்துக் கொடுத்திருக்கிறேன், பிறகு இயந்திரத்துக்கு அரக்கு முத்திரையும் வைத்திருக்கிறேன். புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு 30 தொகுதிகள். சிக்கிமுக்கு 32. இரண்டும் சின்னத் தொகுதிகள். தமிழ்நாட்டுத் தொகுதியில் இரண்டு லட்சம் ஓட்டர் இருந்தால் இங்கே இருபது முப்பதாயிரம். சிக்கிமில் அதைவிடக் குறைவு. பெரிய தொகுதியில் முகம் தெரிந்தால் போதும். சின்னத் தொகுதியில் ஓட்டரின் முகம் வேட்பாளருக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டில் காது குத்தா, இந்த வீட்டில் சாவா, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போச்சா, தண்ணீர்க் குழாய் உடைஞ்சதா, எல்லாவற்றுக்கும் ஆள் வந்து நிற்க வேண்டும். ஓட்டுப் போடும் நாளில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டு, உள்ளே போகும் ஒவ்வொருவரையும் பார்த்தே யாருக்கு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு தொகுதியில், வாக்குச்சீட்டுக் காலத்தில், ஒரு பந்தாட்டக்காரர் சுயேச்சையாக நின்றார். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவருக்காகவே ஜனம் கூடும். நானும் போவேன். எண்ணிக்கை அன்று என் மேசையில் அவர் கட்டு மட்டும் ஏறவே இல்லை. செல்லாத ஓட்டுக் கட்டு அதைவிடத் தடிமனாக இருந்தது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். அது போனது. மற்றத் தோற்றவர்கள் பாதியிலேயே போய்விட்டார்கள். இவர் கடைசி வரை கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்றார். முடிவு வாசித்ததும் எங்களைப் பார்த்து, "செல்லாதது எத்தனை சார்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். "அவங்ககிட்டயும் தோத்துட்டேனா" என்று சொல்லிவிட்டு, ஜெயித்தவரிடம் போய்க் கை கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அதே கூட்டம், அதே விசில். ஜனங்களுக்கு அவர்மேல் பிரியம் குறையவே இல்லை. ஆனால் அந்தப் பிரியத்தை ஓட்டுப் பெட்டியில் போடவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

கைதட்டலும் ஓட்டும் வேறுவேறு கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன என்பது அன்று எனக்குப் புரிந்தது. கைதட்டுகிறவன் தனக்குக் கிடைத்த சந்தோஷத்துக்கு அப்போதே பதில் செய்துவிடுகிறான். அவன் கடன் தீர்ந்தது. ஓட்டுப் போடுகிறவன் நாளை யாரிடம் போய் நிற்கலாம் என்று பார்க்கிறான். சினிமாக்காரர்களுக்கு நம் ஊரில் விழுந்ததே என்று கேட்பீர்கள். எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சர் ஆவதற்கு முன் எத்தனை வருடம் கட்சியில் இருந்தார், எத்தனை ஊரில் மன்றம் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஹவுராவில் பிரசூன் பானர்ஜிக்குப் பின்னால் ஆளும் கட்சியின் கிளைகள் தெருத்தெருவாக இருந்தன. பூட்டியா தன் ஊருக்குத் திரும்பி வந்து தொடங்கியது ஒரு வயதான குழந்தைக் கட்சி. எதிரே கால் நூற்றாண்டு ஆண்ட கட்சி ஒன்று, அதைக் கவிழ்க்கத் துடித்த கட்சி ஒன்று. இரண்டு யானைக்கு நடுவே பந்தை எங்கே உருட்டுவது?

இனி, இதையெல்லாம் ஏன் எழுதினேன் என்ற காரணம்.

இங்கே அடி அண்ணாமலையில், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கிறது. கருவேல முள்ளும் கல்லும். அங்கே ஒரு தம்பி தினமும் சாயங்காலம் இருபது இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறார். கல்லூரி அணியில் ஆடியவர். பகலில் ஒரு கடையில் வேலை. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வரும் வண்டிகள் அந்த இடத்தில் நின்றுவிடும்; மறுநாள் பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலையும் தட்டையும் பொறுக்கிய பிறகுதான் ஆட்டம். பெண் பிள்ளைகளும் நாலைந்து பேர் வருகிறார்கள். அதில் ஒன்று இடது காலால் அடித்தால் பந்து நேரே என் வீட்டுத் துளசி மாடத்துக்குத்தான் வரும்.

அந்தத் தம்பி போன மாதம் வந்து, "சார், அடுத்த உள்ளாட்சித் தேர்தல்ல வார்டு மெம்பருக்கு நிக்கலாமான்னு பாக்கறேன். நீங்க எலெக்‌ஷன் டூட்டி எல்லாம் பாத்தவரு. சொல்லுங்க" என்றார். மைதானத்துக்கு இடம் ஒதுக்க வைக்க வேண்டும், அதற்குப் பதவி வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பணமும் போய்விடும், அதைவிட, தோற்றுவிட்டால் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் பாதிப்பேர் எதிர்க்கட்சி ஆகிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அந்த அம்மாள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போது எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தைத் துரத்துகிறது. நாளை அந்த மைதானத்துக்கு ஒரு கொடியின் நிறம் வந்துவிட்டால்?

நான் உடனே பதில் சொல்லவில்லை. பூட்டியாவின் கதையை இங்கே எழுதியிருப்பதுபோல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நிக்க வேணாங்கறீங்களா சார்?" என்றார்.

"அப்படி இல்ல தம்பி. பந்து சொல்லிக்குடுத்ததுக்கு ஓட்டு வரும்னு நெனச்சு நிக்க வேணாம். அது தனி. இந்தத் தெருவுல எத்தன வீடு, யாருக்கு முதியோர் பென்ஷன் வரல, எந்த விளக்கு எரியல, இது மூணும் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். விளக்கு தெரியும் என்றார். சாயங்காலம் பந்து தேடும் இடமாம்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். மைதானத்துக்கு இடத்தைச் சமன் செய்து கொடுக்கக் கோரி, வெங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்வு நாளில் கொடுப்பதற்காக. மனு எழுதுவதில் எனக்கு ஐம்பது வருடப் பழக்கம். பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க அவரையே வீடு வீடாகப் போகச் சொன்னேன். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தார். 61 கையெழுத்து. கூடவே ஒரு பழைய நோட்டு. அதில், கேட்காமலேயே, எந்த வீட்டில் என்ன குறை என்று எழுதி வைத்திருந்தார். பென்ஷன் வராத பாட்டிகள் மூன்று பேர். ஒருவருக்கு ஆதார் அட்டையில் பிறந்த வருடம் தப்பு. அந்த மூன்று மனுவையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

தேர்தலில் நிற்பாரா மாட்டாரா என்பதை அவரும் அவர் அம்மாவும் பேசி முடிவு செய்யட்டும். ஆறு முறை தோற்ற பூட்டியா தேர்தலைத்தான் விட்டார், பந்தை விடவில்லை. அவர் பெயரில் நடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதையும் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறோம். நானும் கூடப் போகிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் சரி.